காக்காக் கடி

என் கடைவாய்ப் பல் சுத்தமான களிமண்ணைக் கடித்து உடைந்தது. கல்லைக் கடித்தோ எலும்பைக் கடித்தோ உடைந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற களியைக் கடித்து உலகத்தில் எவளுக்காவது பல் உடையுமா? எனக்கு உடைந்தது. சில்லை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தது.

“என்னம்மா, கல்லா?” என்றார் ராயப்பன். துளை போடும் ரிக்கை ஓட்டுகிறவர் அவர்தான்.

“கல்லுமில்ல ஒரு மண்ணுமில்ல. பல்லுண்ணே.”

அவர் சிரித்தார். முன்வரிசையில் பாதி காலி. “வாங்க வாங்க. நம்ம சங்கத்துல நீங்களும் சேந்துட்டீங்க.”

மண்ணை எதற்கு வாயில் வைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எங்கள் பிழைப்பு அது. இரும்புக் குழாயை அடித்து நிலத்துக்குள் இறக்குவோம். வெளியே இழுத்து இரண்டாகப் பிளந்தால் உள்ளே மண் குழாய்ப்புட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். என்ன நிறம், எவ்வளவு ஈரம், மணலா வண்டலா களியா, கூட என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மணல் கண்ணுக்குத் தெரியும். வண்டலும் களியும் அப்படித் தெரியாது. இரண்டும் ஒரே சாம்பல் நிறம், ஒரே பிசுபிசுப்பு. ஒரு துணுக்கைப் பல்லில் வைத்துக் கடித்தால் வண்டல் நறநறக்கும், களி வழுக்கும். கடித்துவிட்டுத் துப்ப வேண்டியதுதான். ஸ்கேனர் என்று ஒரு பெட்டியும் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண மண்ணில் அது ஒழுங்காகத்தான் சொல்லும். உறை மண்ணில் உளறும். தப்பாகப் பதிந்தால் முதலிலிருந்து துளை போடச் சொல்வார்கள். அதனால் ‘மண்ணை வெறுங்கையால் தொடாதீர்’ என்ற விதியை ரிக்கிலேயே ஒட்டி வைத்துவிட்டு, அதன் கீழேயே நின்றுகொண்டு நாங்கள் எல்லோரும் கடித்துப் பார்ப்போம்.

உறை மண் என்றால் ஆழித்துறை மண். அந்த ஊர் ஒரு காலத்தில் வருஷா வருஷம் அமிழ்ந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் கடல்தண்ணீர் முழங்கால் வரை நிற்கும். ஜனங்களை முகாம்களுக்கு விரட்டிவிட்டு, கரைக்காப்பு வாரியம் நிலத்தடியில் ஒரு கிருமியைச் செலுத்தியது. அது மண்ணில் கிடக்கிற சிப்பிகளிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, அதைக் கொண்டே களிமண்ணைக் கட்டிக் கல்லாக்கும். திட்டத்துக்கு மூச்சு முட்டுகிற மாதிரி ஒரு பெயர் உண்டு. ஊர்ப் பெண்கள் அதை உறைமோர் என்றார்கள். ஒரு கரண்டி மோரில் ஒரு அண்டாப் பால் கெட்டியாகிறதே, அதே கதைதான். ஆழத்திலேயே நின்றுவிடும், மேலே வரவே வராது என்று வாரியம் சொன்னது. ஜனங்கள் நம்பித் திரும்பி வந்தார்கள். வீடு கட்டினார்கள், பிள்ளை பெற்றார்கள். உறை எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை துளை போட்டுப் பார்ப்பது எங்கள் வேலை.

இந்த வருஷம் அது ஏறி வந்திருந்தது. தோண்டிய கொஞ்ச ஆழத்திலேயே குழாய் அடிபட்டு ணங் ணங் என்றது. அதுகூடப் பரவாயில்லை. ஆழித்துறையில் எங்கே துளை போட்டாலும் ஆறாவது மீட்டரில் சிப்பிப் படுகை வரும். பழைய கடல் விட்டுப்போனது. குழாயைப் பிளக்கும்போதே கலகலவென்று உதிரும். இந்தத் தடவை பிளந்தேன், சத்தமே இல்லை. மண்ணில் சிப்பியின் அச்சு மட்டும் அப்படியே இருந்தது, வரி வரியாக, அழகாக. சிப்பி இல்லை.

“எல்லாத்தையும் தின்னுட்டுதாண்ணே” என்றேன்.

ராயப்பன் குனிந்து அந்த அச்சுக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். “தின்னு முடிச்சாச்சுன்னா அடுத்து என்னத்த திங்கும்?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். துளைக்கு நேர் எதிரே கல்லறைத் தோட்டம் இருந்தது. அதற்கப்பால் பள்ளிக்கூடம்.

“பாப்பாவுக்குக் கை எப்புடி இருக்கு?” என்று அவரே பேச்சை மாற்றினார்.

“கட்டுப் போட்டிருக்கு. போன தடவ வலது கை, இந்தத் தடவ இடது. தண்ணி பாட்டிலத் தூக்குனா, ஒடஞ்சிட்டுது. ஏழு வயசுப் புள்ளைக்கு.”

“கண்ணு பட்டுருக்கும்மா.”

“ஆமா, கண்ணு பட்டா எலும்பு ஒடயும். போங்கண்ணே, வேலையப் பாருங்க.”

எரிந்து விழுந்தேனே தவிர, என் பயமெல்லாம் மதியைப் பற்றித்தான். நிறைமதி என்று பெயர் வைத்தோம், மதி என்று கூப்பிடுகிறோம். தஞ்சாவூரில் என் வீட்டுக்காரர் பரிதியோடு இருக்கிறாள். ஆழித்துறைப் பக்கம் அவளை ஒருநாள்கூட நான் கூட்டிவந்ததில்லை. அந்த ஊர்த் தண்ணீர் ஒரு சொட்டு அவள் வாயில் பட்டதில்லை. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

*

தலைமைப் பொறியாளர் குணசீலன் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார். அறுபதை நெருங்குகிற மனிதர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். அதுவே எனக்குப் பிடிக்காது. காரிலிருந்து மெதுவாக, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் மண்ணை நீட்டினேன். அவர் சிப்பியின் அச்சைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்மா. சுண்ணாம்பத் தேடித்தான் மேல வருது. அடுத்த மாசத்துலேருந்து சுண்ணாம்புப் பவுடரக் கரைச்சு உள்ள விடப் போறோம். லாரி லாரியா. பசி அடங்கிட்டா அங்கயே நின்னுடும்.”

“எத்தன வருஷத்துக்கு சார்?”

“எப்பவுமே.”

“நிறுத்துனா?”

“நிறுத்த முடியாது.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “இதுக்குப் பேரு திட்டமா சார்? பூதத்துக்குத் தீனி போடுறது. அதக் கொல்ல மருந்து இருக்கில்ல? கொல்லின்னு ஒண்ணு செஞ்சு ஐஸ்ல வச்சிருக்கீங்கள்ல?”

“இருக்கு. அதுவும் ஒரு கிருமிதான். உறைய மட்டும் திங்கும். ஒரு பாட்டில் தொறந்தாப் போதும். உறை எங்கெல்லாம் போயிருக்கோ அங்கெல்லாம் தேடிப் போயிடும், நடுவுல யாரும் தடுக்க முடியாது. அப்புறம் என்ன ஆகும் தெரியுமா? இப்ப இந்த ஊரத் தாங்கிட்டிருக்கிறதே உறைதாம்மா. பழைய மண்ணு இல்ல, பழைய சிப்பி இல்ல. அது செத்தா கட்டு விட்டுப்போகும். ஊர் மொத்தமும் உள்ள போயிடும்.”

“அப்ப ஜனங்கள வெளியேத்துங்க. வெளியேத்திட்டுக் கொல்லுங்க.”

“போன தடவ முகாம்ல எத்தனை பேர் செத்தாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“இங்கயே இருந்தா எல்லாரும் சாவாங்க. அது எலும்பத் தேடி வருது சார். எலும்புலயும் சுண்ணாம்புதான இருக்கு? இதோ கல்லறை. அடுத்து கெணறு. அடுத்து ஜனங்க. மண்ணக் காப்பாத்தப் போயி மனுசன மண்ணாக்கப் போறீங்க.”

“என் பேரன் இந்த ஊர்லதான் படிக்கிறான்” என்றார் குணசீலன்.

“அப்ப உங்களுக்கே உறைக்க வேணாமா?”

சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றியது. ஆனால் அவருக்குக் கோபம் வரவில்லை. தூரத்தில் மணி அடித்துப் பள்ளிக்கூடம் கூடிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதிக் குடுங்க. ஊரக் காலி பண்ணிட்டுக் கொல்லிய விடணும்னு பொறுப்பாளரான நீங்க கையெழுத்துப் போட்டா, வாரியம் மறுக்க முடியாது. ஆனா மேலப்பொழில் துளையையும் போட்டுட்டு வாங்க. அங்க உறை ஊத்தவே இல்ல. அங்க சிப்பி இருந்தா, இங்க தின்னது உறைதான்னு உறுதியாயிடும்.”

“இருக்கும் சார்” என்றேன். அப்போது என்னைவிடத் திமிர் பிடித்தவள் அந்த மாவட்டத்திலேயே இருந்திருக்கமாட்டாள்.

*

சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மதி வாசலிலேயே நின்றாள். கட்டுப் போட்ட கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மற்றக் கையை நீட்டினாள்.

“கமர்கட்டு?”

“அம்மாவ வான்னு கூப்புடத் தெரியாதா? மொதல்ல கமர்கட்டா?”

“வாம்மா. கமர்கட்டு?”

இது எங்கள் இருவருக்குமான சடங்கு. வாராவாரம் ஆழித்துறை பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு கமர்கட் வாங்குவேன். இரண்டு வாங்கினால் அவளுக்குப் பிடிக்காது. ஒன்றை இரண்டாக்கி ஆளுக்குப் பாதி தின்ன வேண்டும். அதுவும் கத்தியால் தட்டக் கூடாது, காக்காக் கடிதான் கடிக்க வேண்டும். துப்பட்டா நுனியில் கமர்கட்டை வைத்துச் சுற்றி, துணியோடு சேர்த்துக் கடித்தால் உள்ளே இரண்டாக உடையும். வாய் படவில்லை, துணிதானே பட்டது, அதனால் எச்சில் இல்லை. பள்ளிக்கூடம் போன எந்தப் பிள்ளைக்கும் இந்தச் சட்டம் தெரியும். மதி மகா சுத்தக்காரி. பரிதி குடித்த டம்ளரில் தண்ணீர் குடிக்கமாட்டாள். காக்காக் கடி என்றால் மட்டும் யோசிக்காமல் வாங்கிக்கொள்வாள்.

உடைந்த பல் பக்கம் படாமல், அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கடித்தேன். பெரிய பாதி அவளுக்கு.

“திங்கக்கிழமை எலும்பு டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க” என்றார் பரிதி. “ரத்தம் எடுத்தது பத்தாதாம். எலும்புலேருந்தே துளி எடுத்துப் பாக்கணும்னாங்க.”

“ஒரு எடத்துல ஓட்ட போட்டு, உள்ள என்ன இருக்குன்னு பாக்குறதுதான? நான் மண்ணுக்குப் பண்றேன், அவங்க எம்புள்ளைக்குப் பண்றாங்க” என்று சிரித்தேன். பரிதி சிரிக்கவில்லை. மதி ஒரு கன்னம் உப்ப கமர்கட்டைச் சப்பிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

*

மேலப்பொழில் கடலைவிட்டுத் தள்ளி உள்ளே இருக்கிற வயல்காடு. பழைய கடல் அங்கேயும் வந்து போயிருக்கிறது. அதே சிப்பிப் படுகை உண்டு. உறை ஊற்றாத மண் எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒவ்வொரு வருஷமும் அங்கேயும் ஒரு துளை போடுவோம். ஆழித்துறையிலிருந்து ஒரு பொட்டு மண்கூட ஒட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்று ரிக், குழாய், சுத்தியல் எல்லாவற்றையும் நெருப்பில் வாட்டி, குளோரின் தண்ணீரில் குளிப்பாட்டிவிட்டுத்தான் எடுத்துப் போவோம். செருப்புகூடப் புதுசு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த விஷயத்தில் நான் ராட்சசி.

பழைய துளைக்குப் பக்கத்தில் ரிக்கை நிறுத்தினோம். ஆறாவது மீட்டர் குழாய் வந்தது. பிளந்தேன். சத்தம் இல்லை. வரி வரியாக அச்சு மட்டும் இருந்தது.

“பத்தடி தள்ளிப் போடுங்கண்ணே.”

அங்கேயும் இல்லை.

“அந்தாண்ட வயலுக்குப் போங்க.”

“அது வேற ஆளு வயலும்மா.”

“நான் பேசிக்கிறேன், போங்கண்ணே!”

வயல்காரர் கத்திக்கொண்டே வந்தார், கத்திக்கொண்டே பக்கத்தில் நின்றார். குழாயைப் பிளந்தேன். கலகலவென்று சிப்பி கொட்டியது. வெள்ளை வெளேரென்று, நேற்றுக் கடல் போட்டது மாதிரி.

ஆக, ஊருக்குப் பொதுவாக வந்த கேடு இல்லை. நாங்கள் துளை போட்ட இடத்தைச் சுற்றி மட்டும் சிப்பி போயிருக்கிறது. எங்களோடுதான் அது வந்திருக்கிறது. எப்படி? வாட்டாத இரும்பு எது, கழுவாத சாமான் எது என்று நான் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராயப்பன் பழக்கதோஷத்தில் குழாயிலிருந்து ஒரு துணுக்குக் களியைக் கிள்ளி வாயில் போட்டார். கடித்தார். “களிதாம்மா” என்றார். திரும்பி, துளைக்குள் துப்பினார்.

நான் அவரையே பார்த்தேன். என் முகத்தைப் பார்த்து அவர் பயந்துபோனார்.

“என்னம்மா? என்ன ஆச்சு?”

“எப்பவும் அதுலதான் துப்புவீங்களாண்ணே?”

“வேற எங்க துப்புறது? வயல்ல துப்புனா வயல்காரன் வைவான். நீங்களும்...”

நானும்தான். பள்ளம் இருக்கும்போது வேறெங்கே துப்புவார்கள்? ஆழித்துறையில் கடித்தோம், மேலப்பொழிலில் கடித்தோம், வருஷா வருஷம், அதே வாயால். இரும்பை நெருப்பில் வாட்டினோம். செருப்பை மாற்றினோம். வாயை யாரும் மாற்றவில்லை.

ராயப்பனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் நெம்புகோலை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

“மரியபுஷ்பத்துக்கு இடுப்பு ஒடஞ்சுதே” என்றார். அவருடைய மனைவி. “சும்மா நின்னுட்டிருந்தவம்மா. அடுப்படில நின்னுட்டிருந்தா, ஒடஞ்சு வுழுந்தா. ஒரே டம்ளர்லதான் ரெண்டு பேரும் டீ குடிப்போம், கல்யாணம் ஆன நாள்லேருந்து. மாதாவே, நானாம்மா? நானா குடுத்தேன் அவளுக்கு?”

ஒரே டம்ளர் என்றதும் எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்துவிட்டது. துப்பட்டா நுனி. நைந்து நைந்து கொசுவலை மாதிரி ஆகிவிட்ட பருத்தித் துணி. பெரிய பாதி அவளுக்கு.

வயல்காரர் கத்துவதை நிறுத்திவிட்டு, “ஏம்மா, ஒடம்புக்கு முடியலயா? தண்ணி குடிக்கிறீங்களா?” என்று சொம்பை நீட்டினார். தொடாதீர்கள் என்று அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன்.

*

டாக்டர் ஜைனப் என்னைவிடச் சின்னப் பெண். நிதானமாகப் பேசினாள். மதியின் எலும்பிலிருந்து எடுத்த துளியைப் பெரிதாக்கித் திரையில் காட்டினாள். நான் ஏழெட்டு வருஷமாக ஸ்கேனர் திரையில் பார்க்கிற உறைக் கிருமியின் அதே சங்கிலி சங்கிலியான உருவங்கள். எந்த மண் என்று கேட்டிருந்தால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன்.

“இது எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல” என்றாள்.

“எனக்குத் தெரியும்” என்றேன். சொன்னேன். மண்ணைக் கடிப்பதையும் சொன்னேன், கமர்கட்டையும் சொன்னேன். பரிதி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்போது கை இல்லை.

டாக்டர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. “உங்க பல்லயும் எலும்பயும்கூடப் பாக்கணும்” என்றாள்.

“என்ன விடுங்க. எம்புள்ளைக்கு என்ன செய்யணும்? இதக் கொல்ல கொல்லின்னு ஒண்ணு இருக்கு. வாரியத்துல கேட்டா குடுப்பாங்க. நான் வாங்கிட்டு வர்றேன். நாளைக்கே.”

அவள் வேறொரு படத்தைக் காட்டினாள். மதியின் முதுகெலும்பு, தொடை எலும்பு. அங்கங்கே வெள்ளைத் திட்டு.

“இது மொதல்ல எலும்பத் தின்னுருக்கு. அப்புறம் தின்ன எடத்தத் தானே கட்டியிருக்கு. இப்ப இவளத் தாங்கிட்டு நிக்கிறது முக்காவாசி அதுதான். பழைய எலும்பு ரொம்பக் கம்மி. அதக் கொன்னா...”

“கட்டு விட்டுப்போகும்” என்றேன் நான்.

“ஆமா. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஊர் மொத்தமும் உள்ள போயிடும். குணசீலனின் குரல், அதே நிதானத்தோடு, என் காதுக்குள் கேட்டது. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, வெளியே பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள் என்றும் பார்க்கவில்லை.

“தீனி போட்டு வச்சுக்கலாம்” என்றாள் டாக்டர், நான் கொஞ்சம் அடங்கிய பிறகு. “தினமும் சுண்ணாம்புச் சத்து கரைச்சுக் குடுக்கணும். ஒருவேளகூட விடக் கூடாது. பசி இல்லன்னா எலும்பத் தொடாது. ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது.”

“எத்தன வருஷத்துக்கு?” என்று பரிதி கேட்டார்.

என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கேட்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

*

ஆழித்துறையைக் காலி செய்து கொல்லியை விட வேண்டும் என்ற என் அறிக்கை குணசீலனின் மேசையில் இருந்தது. மேலப்பொழிலுக்குப் போவதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அவ்வளவு அவசரம் எனக்கு. வாரியக் கூட்டத்தன்று காலையில் அவரே போன் செய்தார்.

“அனுப்பிடவா நாயகி? நீங்க சொன்னாத்தான் அனுப்புவேன்.”

கொல்லியின் பாட்டிலைத் திறந்தால், உறை எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் போகும். ஆழித்துறைக் கிணற்றுக்கும் போகும். மேலப்பொழில் வயலுக்கும் போகும். என் வீட்டுக்கும் வரும். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவளின் தொடை எலும்பு வரை வரும். திறக்காவிட்டால் உறை ஏறும். லாரி லாரியாகச் சுண்ணாம்பு கொட்டினாலும் ஒருநாள் ஒரு லாரி தாமதமாகும். அன்றைக்கு அது கல்லறையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

“அனுப்பாதீங்க சார்” என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

“சார், உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? ஆளுங்களுக்கும் வரும்னு?”

“பேரனுக்குப் போன வருஷம் கால் ஒடஞ்சுது” என்றார் குணசீலன். “கெணத்துத் தண்ணிலேருந்து வந்திருக்கணும். எலும்பெடுத்துப் பாத்தாங்க. உங்க டாக்டர் சொன்னதத்தான் எங்க டாக்டரும் சொன்னாங்க. என் எடத்துல யாராவது தைரியமா கையெழுத்துப் போடட்டும்னு நெனச்சேன். நீங்க போட்டீங்க. மனசார சந்தோஷப்பட்டேன், நம்புங்க. அப்புறம் ராயப்பன் வந்து உங்க பொண்ணப் பத்திச் சொன்னாரு.”

போனில் அந்தப் பக்கம் காகிதம் கிழிபடுகிற சத்தம் கேட்டது.

“ஜனங்ககிட்ட என்ன சார் சொல்லப் போறீங்க?”

“காலைல சுண்ணாம்புத் தண்ணி குடிக்கச் சொல்லுவோம். ரேஷன்ல குடுப்போம். உடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவோம்.”

அந்த மனிதரைக் கண்டபடி திட்ட வேண்டும் என்று நாக்கு துடித்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு திட்டுவது? “சரிங்க சார்” என்று வைத்துவிட்டேன்.

*

பரிதி என்னோடு பேசுகிறார். சாப்பிட்டாயா, மின்கட்டணம் கட்டியாச்சா, அந்த மாதிரி. அதற்கு மேல் இல்லை. அவருக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. அவர் டம்ளரைத் தனியாக அலமாரியில் வைத்திருக்கிறார். நான் வேலையை விட்டுவிடவில்லை. ஆழித்துறையில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க யாராவது துளை போட வேண்டும். புதிதாக ஒரு ஆளை அந்த மண்ணுக்குப் பக்கத்தில் விட எனக்கு மனசு வரவில்லை. ராயப்பனும் வருகிறார். மரியபுஷ்பம் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இருவரும் மண்ணைக் கடிப்பதில்லை. ஸ்கேனர் என்ன உளறுகிறதோ அதையே பதிந்துகொள்கிறோம், யாரும் கேட்பதில்லை.

போன சனிக்கிழமை மதி கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினாள். இப்போது காலிலும் கட்டு.

“கமர்கட்டு?”

பல வாரமாக நான் வாங்கிவரவில்லை. மறந்துவிட்டேன், கடை மூடிவிட்டான் என்று ஏதேதோ பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளைத் தொடாமல், முத்தம் கொடுக்காமல், தட்டைத் தனியாக வைத்துக்கொண்டு கிடந்தேன். அதைக் கேட்ட டாக்டர் ஜைனப், “இனிமே அதனால ஒரு பிரயோஜனமும் இல்லம்மா. உங்ககிட்ட இருக்கிறதுதான் அவகிட்டயும் இருக்கு. புள்ளைய ஏங்க வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டாள். அதனால் வாங்கி வந்திருந்தேன்.

“முழுசும் நீயே வச்சுக்கடி” என்றேன். “கடிக்கக் கூடாது. சப்பணும்.”

“வேணாம். உனக்குப் பாதி. காக்காக் கடி.”

“மதி...”

“நீ என்கூட சாப்புடறதே இல்ல. அப்பாவும் இல்ல. எல்லாரும் தனித்தனியா சாப்புடறீங்க.” உதடு பிதுங்கியது. “காக்காக் கடிதான் வேணும்.”

கமர்கட்டை எடுத்து அப்படியே பல்லுக்கிடையில் வைத்தேன். இனி என்ன இருக்கிறது பார்ப்பதற்கு.

“அம்மா! துணி, துணி!” என்று அலறினாள் மதி. “எச்சி பட்டுடும்மா!”

எடுத்துவிட்டேன். துப்பட்டா நுனியை விரித்து, கமர்கட்டை நடுவில் வைத்து, நாலு மடிப்பாக, இறுக்கமாகச் சுற்றினேன். அவள் சரியாகச் சுற்றுகிறேனா என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருக்கிற பல்லில் எது தாங்கும் என்று தேடி, அந்தப் பக்கம் வைத்துக் கடித்தேன். டப்பென்று சத்தம் வந்தது.

“ஒடஞ்சிட்டுது!” என்று ஒரு கையால் கட்டிலைத் தட்டினாள்.

அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு துணியைப் பிரித்தேன். கமர்கட் இரண்டாகி இருந்தது. வாயிலும் ஏதோ நறநறத்தது. நாக்கால் துழாவிப் பார்த்து, அந்தச் சில்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பெரிய பாதியை அவளிடம் கொடுத்தேன்.